குழந்தைகளோடு பணியாற்ற இரண்டு ஆண்டுப் பயிற்சி வேண்டும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகளின் உளவியல் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,



2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் மாணவர்களின் மனநலம் தொடர்பாக நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. விசாகப்பட்டினத்தில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துவந்த பதினேழு வயது மாணவி ஒருவரின் மரணத்தைப் பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு அது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் குறைந்தது ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும். அவர் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றவர் என்பதற்குச் சான்று இருக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை அதற்குக் குறைவாக உள்ள நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று சட்டம் வரும்வரை இந்த நெறிகள் நடைமுறையில் இருக்கும்.

பள்ளி முதல்வர்கள் இப்போது ஆள் தேடுகிறார்கள். "எம்.எஸ்சி. சைக்காலஜி முடிச்ச பொண்ணு யாராவது இருந்தா சொல்லுங்க" என்று என்னிடம் கேட்கிறார்கள். உங்களிடமும் கேட்டிருப்பார்கள். நாமும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புகிறோம். ஜூன் மாதம் அந்தப் பெண் ஒரு பள்ளியில் சேர்கிறார். வயது இருபத்து மூன்று இருக்கும். முதல் சில வாரங்களிலேயே அவர் அறைக்கு யார் யாரோ வருகிறார்கள். வீட்டில் பேசும், பள்ளியில் வாயே திறக்காத யு.கே.ஜி. குழந்தை. கையைக் கீறிக்கொள்ளும் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் விழித்தே இருந்து, காலையில் வகுப்பில் தூங்கும் பையன். "என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கா இல்லையா, இப்பவே சொல்லுங்க" என்று நிற்கும் தாய். இந்த நால்வரைப் போன்ற ஒருவரோடாவது, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில், தொடர்ந்து சில மாதங்கள் பணியாற்றும் வாய்ப்பை நாம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறோமா?

நீண்ட காலமாகக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தும், அந்தப் பணியைப் பழகுகிறவர்களுக்கு மேற்பார்வை செய்தும் வருகிறவள் நான். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: முதுகலை முடித்தவர்களுக்கு, குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான உளச்சிகிச்சையில், மேற்பார்வையை நடுநாயகமாகக் கொண்ட இரண்டு ஆண்டுப் பயிற்சியை நம் பல்கலைக்கழகங்கள் தொடங்க வேண்டும்.

இன்று நாம் கொடுப்பது

முதுகலையின் நான்கு பருவங்களில் ஒரு மாணவர் குழந்தை வளர்ச்சி பற்றி ஒரு தாள் படிக்கிறார். பியாஜேயும் எரிக்சனும் அதில் இருக்கிறார்கள். செய்முறை வகுப்பில் பினே-காமத், மாலின் நுண்ணறிவுச் சோதனைகளையும் செகுவின் படிவப் பலகையையும் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்குச் செய்து பார்த்துப் பதிவேட்டில் ஒட்டுகிறார். விடுமுறையில் ஒரு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். மருத்துவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேஸ் ஹிஸ்டரி எழுதிக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிவருகிறார். கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. பெரும்பாலும் அது கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு அளவுகோல்களைக் கூகுள் படிவத்தில் அனுப்பித் தொடர்பைக் கணக்கிடுவதாக இருக்கிறது. இப்படி ஒரு குழந்தையோடு ஒரு மணி நேரம் முழுதாக இருந்து, அங்கே நடந்ததை ஒரு மூத்தவரிடம் சொல்லிப் பார்க்காமலே ஒருவர் இந்தப் பட்டத்தைப் பெற்றுவிட முடிகிறது.

பி.எட். மாணவரை நாம் அப்படி விடுவதில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி அவர் இரண்டு ஆண்டுகளில் 20 வாரங்களைப் பள்ளிகளில் கழிக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க இவ்வளவு பழக்கம் தேவை என்று ஏற்றுக்கொண்ட கல்வி அமைப்பு, உயிரை விட நினைக்கும் ஒரு பிள்ளையோடு தனியறையில் உட்காரப் போகிறவரிடம் அதில் பாதியைக்கூடக் கேட்பதில்லை.

உண்மையான மருத்துவமனைப் பயிற்சியைக் கொடுத்துவந்தது இரண்டு ஆண்டு மருத்துவ உளவியல் எம்.ஃபில். படிப்பு. இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற அந்தப் படிப்பிலும் குழந்தைகள் பிரிவுக்கு ஒதுக்கப்படும் காலம் ஒரு சிறு பகுதிதான். இப்போது எம்.ஃபில். பட்டமே விடைபெறுகிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை அதை நிறுத்தச் சொன்னது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 வரை அவகாசம் கொடுத்தது. அதே மானியக் குழு, உளவியல் உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று 2025-இல் அறிவித்தது. 2021-இன் துணைநிலை மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டமும் உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் பதிவுமுறைக்குள் கொண்டுவருகிறது. பழைய சட்டகம் கழன்று புதியது பொருத்தப்படும் நேரம் இது. என்ன வேண்டும் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான தருணம் அமையாது.

தேவை எவ்வளவு என்பதும் நமக்குத் தெரியும். நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்கள் இடம்பெற்றன. 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக அது கண்டது. ஐம்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பறையில் மூன்று நான்கு பிள்ளைகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள்.

மேற்பார்வையில் என்ன நடக்கிறது

மேற்பார்வை என்பதை நிர்வாகச் சடங்காக, கையெழுத்து வாங்கும் வேலையாக நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அதனால் ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏழு வயதுப் பையன். மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான் என்று பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டவன். பயிற்சியிலிருந்த பெண் அவனோடு முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வந்து எழுதிய குறிப்பு இது: "ஒத்துழைப்பு இல்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. பொம்மைகளோடு மட்டும் விளையாடினான்." என்ன விளையாடினான் என்று கேட்டேன். முதலில் அவருக்கு நினைவு வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பையன் சொப்புச் சாமான்களை எடுத்து வைத்துச் சோறாக்கினான். குட்டிப் பொம்மைக்கு ஊட்டப் போனான். ஊட்டுவதற்குள் அடுப்பைக் கவிழ்த்துவிட்டான். திரும்ப ஆக்கினான், திரும்பக் கவிழ்த்தான். ஒவ்வொரு தடவை கவிழ்த்ததும் கதவைப் பார்த்தான். இவர் கேள்வி கேட்கும்போதெல்லாம் பானையை இவர் பக்கம் தள்ளினான்.

சொல்லி முடிக்கும்போது அவருக்கே விளங்கிவிட்டது. அந்த அறையில் பையன் நேரம் முழுவதும் ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறான். அடுத்த வாரம் அவர் நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பானை தன் பக்கம் வந்தபோது வாங்கிக்கொண்டார். அடுப்பு கவிழ்ந்தபோது, "அய்யோ, ஆக்கின சோறெல்லாம் கொட்டிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். பையன் கதவைப் பார்த்தபடியே சொன்னான்: "அப்பா வந்துட்டாங்க."

அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது. தாயை எப்படித் தனியாகச் சந்திப்பது, வீட்டில் அடிதடி இருக்கிறதா என்பதை அவருக்கு ஆபத்து வராமல் எப்படிக் கேட்பது, வகுப்பு ஆசிரியையிடம் எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, பையனின் பாதுகாப்பை எப்படி மதிப்பிடுவது என்று ஒவ்வொன்றையும் வாராவாரம் பேசிப் பேசித்தான் முன்னே போனோம். அந்தப் பயிலுநர் விளையாட்டுச் சிகிச்சை பற்றிப் படிக்காதவர் அல்லர். வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் வெளியிட்ட நூலில் உள்ள எட்டுக் கோட்பாடுகளையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர். படித்தது கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேர, நடந்ததை இன்னொருவரிடம் சொல்லிப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரம் தேவைப்பட்டது.

பெரியவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப் பழகியவர் குழந்தைகளையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் தவறு. பெரியவர் தானாக வருகிறார். குழந்தையை யாரோ அழைத்து வருகிறார்கள். பெரியவர் தன் துன்பத்தைச் சொல்வார்; குழந்தை கடிக்கும், படுக்கையை நனைக்கும், பள்ளி வாசலில் வாந்தி எடுக்கும். பெரியவரின் வாழ்க்கையை மாற்றப் பெரியவரோடு பேசினால் போதும் என்று ஓரளவு சொல்லலாம். குழந்தையின் வாழ்க்கையோ தாய், தந்தை, பாட்டி, வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர் கைகளில் இருக்கிறது. அத்தனை பேரோடும் பேசத் தெரியாதவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் குழந்தைக்குப் பெரிதாக உதவ முடியாது.

பார்க்கப் பழகுவது

இந்தத் துறை தனிப் பயிற்சியாக உருவான கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது. லண்டனில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா ஃபிராய்ட், அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1947-இல் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைச் சிகிச்சையாளர்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பௌல்பியின் ஆதரவோடு எஸ்தர் பிக் இன்னொரு பயிற்சியைத் தொடங்கியபோது, மாணவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலையாகக் கைக்குழந்தை உற்றுநோக்கலை வைத்தார். வாரம் ஒரு மணி நேரம் ஒரு வீட்டுக்குப் போய், பிறந்த குழந்தையை அதற்கு இரண்டு வயது நிரம்பும்வரை பார்த்துவர வேண்டும். அங்கே குறிப்பு எடுக்கக் கூடாது. அறிவுரை சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து, பார்த்ததை ஒன்றுவிடாமல் எழுதி, சிறு குழுவில் வாசித்து விவாதிக்க வேண்டும். இன்றைக்கும் அந்த மரபில் பயிலும் குழந்தைச் சிகிச்சையாளர்கள் இதைச் செய்துவிட்டுத்தான் சிகிச்சை அறைக்குள் நுழைகிறார்கள்.

அவர்களுடைய உளப்பகுப்பாய்வுக் கோட்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதற்றத்துக்கு அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையும், அடங்காத நடத்தைக்குப் பெற்றோர் பயிற்சியும் பலன் தருவதற்கு வலுவான சான்றுகள் உண்டு; நம் பாடத்திட்டத்தில் அவற்றுக்கு முதலிடம் தர வேண்டும். ஆனால் எந்தச் சிகிச்சை முறையாக இருந்தாலும், அவசரப்படாமல் ஒரு குழந்தையைப் பார்க்கத் தெரிந்தவர் கையில்தான் அது வேலை செய்யும்.

நம் ஊரில் இந்த உற்றுநோக்கல் இன்னும் செழிப்பாக அமையும். இங்கே குழந்தை தாயின் மடியில் மட்டும் வளர்வதில்லை. பாட்டி குளிப்பாட்டுகிறார், அத்தை தூக்கி வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு ஊட்டுகிறார், தாய் நூறு நாள் வேலைக்குப் போகும்போது குழந்தை அங்கன்வாடியில் இருக்கிறது. பார்க்க வந்தவரைச் சும்மா உட்காரவும் விட மாட்டார்கள். காபி வரும், "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்ற கேள்வி வரும், "நீங்க படிச்சவங்க, இவன் ஏன் இன்னும் பேசலன்னு சொல்லுங்க" என்ற வேண்டுகோள் வரும். அன்பை மறுக்காமலும் ஆலோசகராக மாறிவிடாமலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்தப் பழகுவதே பெரிய பயிற்சி. பின்னாளில் பள்ளி முதல்வரும் பெற்றோரும் அவசரப்படுத்தும்போது நிதானமாக இருக்க அது கைகொடுக்கும்.

குழந்தை வழிகாட்டுதல் இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று அறியப்படும் கல்லூரி, மும்பையில் 1937-லேயே குழந்தை வழிகாட்டு மையத்தைத் தொடங்கியது. அதற்கான பயிற்சியைத் தமிழில் நடக்கும் வாழ்க்கைக்கு ஏற்ப இங்கே வளர்த்தெடுக்கும் கடமை நமக்கு மிச்சமிருக்கிறது.

பயிற்சியில் என்னென்ன வேண்டும்

முதுகலை முடித்து, பள்ளியிலோ மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே சேரக்கூடிய இரண்டு ஆண்டுப் பகுதிநேரப் படிப்பாக இதை நினைக்கிறேன். சனிக்கிழமைகளில் வகுப்பும் குழு விவாதமும். மற்ற நாட்களில் மேற்பார்வையோடு பணி.

முதலாவது, உற்றுநோக்கல். முதல் ஆண்டு முழுதும் வாரம் ஒரு மணி நேரம், ஒரே குழந்தை. வீட்டிலோ அங்கன்வாடியிலோ பார்க்கலாம்.

இரண்டாவது, நேரடிப் பணி. ஒவ்வொரு பயிலுநரும் பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தை ஒன்று, தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்று, வளரிளம் பருவத்தினர் ஒருவர் என மூன்று வயதினரோடும் பணியாற்ற வேண்டும். அந்தப் பணிகளில் ஒன்றாவது ஓராண்டு நீடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பெற்றோர் சந்திப்பு தொடர்ந்து நடக்க வேண்டும்.

மூன்றாவது, மேற்பார்வை. வாரம் ஒரு மணி நேரம் தனியாக, அதோடு சிறு குழுவாகவும். மேற்பார்வைக்கு வராத பணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குறிப்பைப் பிள்ளை பேசிய தமிழிலேயே எழுத வேண்டும் என்று விதி வையுங்கள். நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். குறிப்பையும் ஆங்கிலத்தில் எழுதும்போது பிள்ளை சொன்னது பாடநூல் வாக்கியமாக மாறிவிடுகிறது. "ஸ்கூல் பஸ் சத்தம் கேட்டாலே வயித்துக்குள்ள பிசையுது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த பஸ்ஸும் அந்த வயிறும் குறிப்பில் இருந்தால்தான் மேற்பார்வையாளரால் உதவ முடியும்.

நான்காவது, உடலாக வரும் துன்பம். நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலர் வயிற்றுவலி, தலைவலி, மயக்கம் என்றுதான் வருகிறார்கள். காலை வழிபாட்டில் மயங்கி விழும் பத்தாம் வகுப்பு மாணவியை இ.இ.ஜி.க்கும் அழைத்துப் போயிருப்பார்கள், கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போய் மந்திரித்தும் இருப்பார்கள். குடும்பத்தின் நம்பிக்கையைப் புண்படுத்தாமல், பிள்ளை நடிக்கிறாள் என்ற பழியும் விழாமல், உடல் காரணங்கள் உரிய மருத்துவரால் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொண்டு வேலையைத் தொடங்கப் பழக வேண்டும்.

ஐந்தாவது, உயிராபத்தை எதிர்கொள்வது. "செத்துப்போகலாம்னு தோணியிருக்கா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தைப் பிள்ளையின் மனதில் விதைத்துவிடுவோமோ என்று இளம் ஆலோசகர்கள் அஞ்சுகிறார்கள். அப்படிக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் புத்தகத்தில் படித்தால் மட்டும் கேள்வி வாயில் வந்துவிடாது. தயங்காமல், பதறாமல், தமிழில் கேட்க வரும்வரை வகுப்பில் ஒருவரோடொருவர் நடித்துப் பழக வேண்டும். அதன்பின் பாதுகாப்புத் திட்டம் எழுதுவது, வீட்டில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் எட்டாமல் வைக்கப் பெற்றோரோடு பேசுவது, மனநல மருத்துவரிடம் அனுப்புவது, 14416 என்ற மனநல உதவி எண்ணை அறிமுகப்படுத்துவது என்று ஒவ்வொரு படியையும் பழக்க வேண்டும்.

ஆறாவது, சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். பதினேழு வயது மாணவி தன் காதலைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது இளம் ஆலோசகர் எவ்வளவு தவித்துப்போகிறார் என்பதை நான் அருகிலிருந்து பார்க்கிறேன். வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் கூறியது. ஆனாலும் சட்டத்தின் வாசகம் அப்படியேதான் இருக்கிறது. எனவே ரகசியக் காப்பின் எல்லையை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லப் பயிற்றுவிக்க வேண்டும். நான் பழக்குவது இப்படி: "நீ இங்க பேசுறதை நான் வெளிய சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்கிட்ட தப்பா நடந்துகிட்டிருந்தா, சிலர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட, என்ன சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிடுவேன்." இதை மூச்சுத் திணறாமல் சொல்லப் பல வாரம் ஆகும்.

ஏழாவது, சாதி. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியலின மாணவர் ஒருவர் அவர் வீட்டிலேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் தமிழக அரசிடம் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் கயிற்றின் நிறம் என்ன சொல்கிறது, மதிய உணவு வேளையில் யார் யாரோடு உட்காருகிறார்கள், "எனக்கு இந்த ஸ்கூல் பிடிக்கல" என்று மட்டும் சொல்லும் பிள்ளை எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையெல்லாம் கேட்கத் தெரியாதவர் தமிழ்நாட்டுப் பள்ளியில் ஆலோசகராக இருக்கத் தகுதி பெறவில்லை என்றே சொல்வேன். தம் சொந்தச் சாதிப் பின்னணி தாம் கேட்பதையும் கேட்காமல் விடுவதையும் எப்படித் தீர்மானிக்கிறது என்பதை மேற்பார்வையில் பேச ஒவ்வொரு பயிலுநருக்கும் இடம் வேண்டும்.

கடைசியாக, பயிலுநரின் நலன். பிள்ளைகளின் துன்பத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்குத் தம் மனதைப் பேச ஓரிடம் தேவை. உதவித்தொகையும் தேவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே படிக்கக்கூடிய படிப்பாக இது ஆகிவிட்டால், அரசுப் பள்ளி மாணவர்களின் வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்தவர்களை இழந்துவிடுவோம்.

எழக்கூடிய கேள்விகள்

இவ்வளவு பிள்ளைகள் காத்திருக்கும்போது இரண்டு ஆண்டுப் பயிற்சி கட்டுபடியாகுமா என்று கேட்பீர்கள். முறையான கேள்விதான். எல்லாப் பள்ளிக்கும் இப்படிப் பயின்றவர்களை உடனே அனுப்ப முடியாது. குறுகிய பயிற்சி பெற்றவர்களாலும் நல்ல பணி செய்ய முடியும் என்று நம் நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த 'சேஹர்' ஆய்வின் முடிவு 2018-இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும் சில பள்ளிகளில் அதற்கென்றே அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் தெளிவாக மேம்பட்டது. ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. டெல்லி அரசுப் பள்ளிகளில் நடந்த 'பிரைடு' ஆய்வில், மனநலப் பட்டம் பெறாத ஆலோசகர்கள் சிக்கல் தீர்க்கும் முறையைச் சில சந்திப்புகளில் கற்பித்தார்கள். அவர்களுக்கும் தொடர்ந்து மேற்பார்வை இருந்தது.

ஆக, குறுகிய பயிற்சி பெற்றவர்கள் பெருமளவில் தேவை. அவர்களைத் தாங்கி நிற்க ஆழமான பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் தேவை. இந்த இரண்டாம் வகையினரை உருவாக்கும் இடம் பல்கலைக்கழகம்தான். ஒரு மாவட்டத்தில் இப்படிப் பயின்ற ஐந்து பேர் இருந்தால், பல பள்ளிகளின் ஆலோசகர்களுக்கு அவர்கள் மேற்பார்வை அளிக்கலாம்.

மேற்பார்வையாளர்களுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. அவர்கள் இருக்கிறார்கள், சிதறிக் கிடக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகளில், மாவட்ட மனநலத் திட்டத்தில், வேலூர் சி.எம்.சி.யின் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினர் மனநலப் பிரிவில், தனிப் பணியில், ஓய்வுபெற்று வீட்டில் என்று பல இடங்களில் இருக்கிறார்கள். அவர்களைத் திரட்டி, மேற்பார்வை செய்வதற்கே ஒரு பயிற்சி கொடுத்து, அந்த நேரத்துக்கு மதிப்பூதியமும் தர வேண்டும். வெளியூரில் இருப்பவரோடு வாராந்தர மேற்பார்வையைக் காணொளியில் நடத்தலாம். பிள்ளைகளோடான பணி மட்டும் நேரில் நடக்க வேண்டும்.

பயிற்சிக் களங்களுக்கும் பஞ்சமில்லை. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டன. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இயங்கும் குழந்தைகள் இல்லங்கள் இருக்கின்றன. உங்கள் வளாகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அரசுப் பள்ளி இருக்கும். பெரிய செலவும் கிடையாது: வெளிச்சமுள்ள ஓர் அறை, தரையில் பாய், சொப்புச் சாமான், களிமண், வண்ணக் குச்சிகள், சில பொம்மைகள், ஒரு விளையாட்டு ஆட்டோ, ஒரு விளையாட்டு போலீஸ் ஜீப், உள்ளே பேசுவது வெளியே கேட்காத அளவுக்குக் கனமான கதவு. பெரிய முதலீடு மூத்தவர்களின் நேரம்தான்.

உங்களிடம் கேட்பது

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்வையுங்கள்.

ஒன்று, இப்போதைய முதுகலையில் குழந்தைகள் பக்கம் போக விரும்பும் மாணவர், ஆய்வேட்டுக்கு மாற்றாக, மேற்பார்வையோடு ஒரு பருவம் முழுதும் பணியாற்றி எழுதிய விரிவான ஒற்றை நிகழ்வாய்வைச் சமர்ப்பிக்க அனுமதியுங்கள். இதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

இரண்டு, இன்டர்ன்ஷிப் சான்றிதழில் எத்தனை நாள் போனார் என்பதோடு, எத்தனை மணி நேரம் மேற்பார்வை பெற்றார், மேற்பார்வை செய்தவர் யார், அவர் தகுதி என்ன என்பவற்றையும் எழுதக் கட்டாயமாக்குங்கள். பள்ளிகள் பயிற்சிக்குச் சான்று கேட்கும்போது நம் மாணவர் நேர்மையாக நீட்டக்கூடிய தாளாக அது இருக்கட்டும்.

மூன்று, இரண்டு ஆண்டு முதுகலைப் பட்டயத்தைத் திட்டமிட, இரண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு குழு அமையுங்கள். தனித்தனியாகத் தொடங்கினால் ஒவ்வோரிடத்திலும் மேற்பார்வையாளர் பற்றாக்குறை வரும். அந்தக் குழுவில் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவரும், பள்ளியில் ஆலோசகராகப் பணியாற்றும் இளையவர் ஒருவரும் இருக்கட்டும். என்ன தெரியாமல் பள்ளிக்குள் நுழைந்தோம் என்பதை அந்த இளையவரைப் போல வேறு யாராலும் சொல்ல முடியாது.

உங்களில் பலர் என்னைவிட நீண்ட காலம் கற்பித்தவர்கள். பணியிடங்கள் நிரப்பப்படாமல், கூடுதல் வகுப்புகளைச் சுமந்துகொண்டு துறைகளை நடத்துகிறீர்கள் என்பதை அறிவேன். அந்தச் சுமைக்கு மேல் இதையும் வைக்கிறேன். நாம் தயாராகும்வரை பள்ளிகள் காத்திருக்கப் போவதில்லை. நாம் இதைச் செய்யாவிட்டால், சில வாரச் சான்றிதழ்களை விற்பவர்கள் அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். அதற்கான விலையைப் பிள்ளைகள் கொடுப்பார்கள்.

விவாதத்துக்கு அழைத்தால் எந்த ஊருக்கும் வருகிறேன். மேற்பார்வையாளர்களைத் திரட்டும் வேலையில் என் பங்கைச் செய்வேன். முதல் அணியின் பயிலுநர்களில் சிலருக்கு நானே மேற்பார்வை அளிக்கிறேன். தேதியைக் குறித்துத் தெரிவியுங்கள்.

நம்பிக்கையுடன்,
குழந்தைகளோடும் பயிலுநர்களோடும் பணியாற்றும் ஓர் உளவியலாளர்